ஏரோப்ளேன் வாலுக்குக் காஜா எடுத்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. பூந்தமல்லியில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதற்கப்புறம் என் கையில் ஊசி இருந்த நேரம்தான் அதிகம், பேனா இருந்த நேரம் குறைச்சல். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே இன்னொன்று மறந்துபோகிறது. முன்னது பின்னதாக இருந்தால் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வெள்ளைக்காரன் காலத்தில், இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முன்னால், எங்கள் ஊரில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் ஏரோப்ளேன் கட்டினார். அதற்குத் துணி தைத்தது நாங்கள். இதைச் சொன்னால் எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் தைத்தது நிஜம்.

எங்களுடையது தையல்காரர் வீடு. மாமனார் பூந்தமல்லி கண்டோன்மெண்டில் ஆபீசர்களுக்கு உடுப்பு தைத்தே தாடி நரைத்தவர். என் வீட்டுக்காரரும் அவரோடுதான் வேலை செய்தார். மாமியார் நான் வருவதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார். கல்யாணமாகி வந்த புதிது என்பதால் அந்த வீட்டில் எனக்குப் பேச்சே வராது. என் வீட்டுக்காரர் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவேன். ஆமாமா இல்லையா என்று அவருக்குப் புரியாது. கடையிலிருந்து வரும் சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் கட்டுவதும் என் வேலை. காஜா என்றால் பொத்தான் நுழைகிற துளையின் ஓரம் பிரிந்துவிடாமல் நூலை நெருக்கமாகச் சுற்றித் தைப்பது. அது எனக்கு நன்றாக வரும். வேறு எதுவும் நன்றாக வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏரோப்ளேன் கட்டியவரை நாங்கள் சார் என்போம். ரயில்வேயில் படம் வரைகிற உத்தியோகம். டிரங்க் ரோட்டில் மாமரம் வைத்த வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விதவையான அவர் அக்காதான் அவரை வளர்த்து, சமைத்துப் போட்டு, சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். சார் மீனம்பாக்கம் பக்கம் போய்ப் பறக்கக் கற்றுக்கொண்டவர். பிறகு சீமையிலிருந்து மரப்பெட்டிகளில் சாமான் வரவழைத்தார். கூட வந்த படத்தைப் பார்த்து, அளந்து, ஒட்டி, பூட்டி, நாமே கட்டிக்கொள்ள வேண்டியது. ஒரே ஒருவர் உட்காருகிற சின்ன ஏரோப்ளேன்.

அவருக்கு ஒரு குறை உண்டு. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. எழுதலாம், படம் வரையலாம். ஆனால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்க முடியாது. கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

இறக்கைக்குத் துணி போட ஆள் தேடித்தான் எங்கள் கடைக்கு வந்தார். மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் துணி போர்த்தி, நீள ஊசியால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் குத்தி வாங்கித் தைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மாமனாருக்குக் குனிந்து நிமிர முடியாது. என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “எங்க வூட்ல தைப்பாங்க சார். ஆனா வெளில வந்து பழக்கமில்ல” என்றாராம். “அக்கா வூட்லதான் இருக்கறாங்க, துணைக்கு இருப்பாங்க” என்று சார் சொன்னதன் பேரில் மாமனார் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்.

இறக்கையைக் கொட்டகையில் நிற்க வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், இந்தப் பக்கம் நான். நடுவில் துணி. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. அவர் குத்திய ஊசி என் பக்கம் வரும், நான் வாங்கிப் பக்கத்தில் குத்தி அனுப்புவேன். முகம் தெரியாததாலோ என்னவோ எனக்குப் பேச்சு வந்தது. “கொஞ்சம் மேல குத்துங்க” என்றேன். அந்தப் பக்கம் ஊசி பாதியில் நின்றது. பிறகு, “உனக்கு வாய் கீதா? இத்தினி நாளா எனக்கு யாரும் சொல்லலையே” என்றார். எங்கள் குடித்தனம் அந்த இறக்கையில்தான் ஆரம்பித்தது என்று சொன்னால் தப்பில்லை. அந்தத் துணிக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

தைத்த துணிமேல் சார் ஒரு பசை பூசுவார். கொட்டகை முழுக்க வாழைப்பழ வாசனை அடிக்கும். காய்ந்ததும் துணி தப்பட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும்.

பங்குனியில் கோவில்பதாகை ஏரி காய்ந்து தரை இறுகிவிட்டது. இறக்கைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், ஏரிக்குள் பூட்டி, முதல் தடவை ஓட்டிப் பார்த்தார்கள். நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் வந்து சொன்னதுதான். ஏரோப்ளேன் தரையை விட்டு எழும்பியது. ஆனால் மூக்கு கீழே கீழே போகப் பார்த்ததாம். சார் மூக்கை நிமிர்த்துகிற பிடியை நெஞ்சுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இடது கை எஞ்சினுக்கு வேண்டும், மாற்றிக்கொள்ள வழியில்லை. மணிக்கட்டு தாங்கவில்லை. கொஞ்ச தூரத்திலேயே இறக்கிவிட்டார். இறக்கினார் என்பதைவிட விழுந்தார் என்பதுதான் சரி என்றார் என் வீட்டுக்காரர். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் நாங்கள் போனபோது சாரின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அக்கா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பேசினார்.

“இந்தக் கையை வச்சிகினு ஆகாசத்துல போயி யாரைப் பாக்கப் போற நீ?”

“சும்மா இருக்கா.”

“சும்மாதான் இருந்தேன். பொட்டி பொட்டியா வந்து எறங்கினப்போ சும்மா இருந்தேன். மாங்கா ஊறுகாய் போடற எடத்துல றெக்கையை நிறுத்தினப்பவும் சும்மா இருந்தேன்.” பிறகு என்னைப் பார்த்து, “பொண்ணே, நீ சாட்சி. ஏரில தண்ணி வர்றதுக்குள்ள இந்தக் கை நோவுக்கு வழி பண்ணலன்னா ஏரோப்ளேனை வித்துடறேன்னு என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணிகீறான்” என்றார்.

சார் மறுக்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சினிமாவுக்குப் போய் நான் கேள்விப்பட்டதில்லை, ஒரு நல்ல சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான். அதுவும் ஏரியில் தண்ணீர் வருகிற வரைக்கும்தான் என்று ஆகிவிட்டது.

மாமனார் விசாரிக்க வந்தபோது சார் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “வண்டில முன்பாரம் ஏறிட்டா மாட்டுக் கழுத்துக்கு நோவு இல்லியா பாய், அதேதான். இங்க மாட்டுக் கழுத்துக்குப் பதிலா என் மணிக்கட்டு.”

“அப்போ வால்ல ஒரு கல்லைக் கட்டிட்டா சரியாப் பூடுமே சார்.”

“கட்டலாம். ஆனா எஞ்சின் வேகமா ஓடறப்போ ஒரு பாரம், தணிச்சா வேற பாரம். நடுவானத்துல கல்லை அவுத்து அவுத்துக் கட்ட ஒரு ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?”

“எனக்குக் கடைல வேலை கீது. எம்பையனைக் கூட்டிகினு போங்க” என்றார் மாமனார்.

சார் யோசித்து வைத்திருந்த வழி வேறு. எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஏரோப்ளேனின் வாலில் படுக்கையாக ஒரு பலகை, கதவு மாதிரி மேலும் கீழும் ஆடும். பிடியை இழுத்தால் அந்தப் பலகை மேலே தூக்கும், மூக்கு நிமிரும். ஆனால் காற்று பலகையை மறுபடி கீழே அமுக்கப் பார்க்கும். அந்த அமுக்கலைத்தான் சாரின் மணிக்கட்டு தாங்க வேண்டியிருந்தது. இப்போது பலகையின் பின்னோரத்தில் இன்னும் சின்னதாக ஒரு தகட்டைக் கதவு மாதிரி மாட்ட வேண்டும். சார் உட்காருகிற இடத்திலிருந்து கம்பி இழுத்து அந்தத் தகட்டைக் கீழே மடக்கினால், காற்று தகட்டைப் பிடித்து மேலே தள்ளும். தகட்டோடு பெரிய பலகையும் தானாக மேலே போகும். கைக்கு வேலை இல்லை. காற்றின் வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் இதை விரல்விட்டுச் சொல்லிப் பார்த்தார். “தகடு கீழ மடங்குனா பலகை மேல போவுது. பலகை மேல போனா வால் கீழ போவுது. வால் கீழ போனா மூக்கு மேல போவுது. இன்னா சார் இது, இதுல நேரா போறது ஏதாவது கீதா?”

“கீதே. நான்தான்” என்றார் சார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பெட்டியில் வந்த அலுமினியத் தகடு கொஞ்சம்தான் மீந்திருந்தது. அதில் ஒரு முழ நீளத்துக்கு, நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். இரும்புக் கீல் போட்டால் வால் கனத்துப்போகும் என்று துணிக் கீல்தான் போட வேண்டும் என்றார். துணிப்பட்டை ஒன்று பலகையின் மேலிருந்து தகட்டின் அடிக்குப் போகும், அடுத்தது பலகையின் அடியிலிருந்து தகட்டின் மேலே வரும். இப்படி மாற்றி மாற்றித் தைத்தால் இடைவெளி இல்லாமல் ஆடும். தகட்டின் ஓரத்தில் குத்தூசியால் துளை போட்டுக் கொடுத்தார். முதலில் சாதாரணமாகத்தான் தைத்தேன். நாலு தடவை ஆட்டியதும் தகரத் துளையின் கூர் பட்டு நூல் அறுந்தது. துளைகளை அரத்தால் தேய்க்கவா என்று சார் யோசித்தார். நான் மெதுவாக என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். அவர் சத்தமாகச் சொன்னார்: “காஜா எடுத்துட்டா இன்னான்னு கேக்குறாங்க சார்.” சார் காஜா என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டார். தானும் அரத்தால் தேய்த்தார், என்னையும் எடுக்கச் சொன்னார். தகட்டு ஓரத்தில் துணியைச் சுற்றி, மெழுகு தடவிய நூலால் ஒவ்வொரு துளைக்கும் காஜா எடுத்தேன். பொத்தான் இல்லாத காஜா நான் எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

தகட்டில் மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி. அவற்றுக்குக் கொம்பு என்று பேர். இரண்டிலிருந்தும் மெல்லிய கம்பி உடம்புக்குள்ளே ஓடி சாரின் இடுப்புப் பக்கத்தில் இருந்த ஒரு மரக் கைப்பிடியில் முடியும். கைப்பிடி எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்படி கீழே ஒரு பல்வரிசை. சார் ஏறி உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் வாலருகே குந்தினார்.

“பின்னால இழுக்கறேன். தகடு எங்க போவுது?”

“கீழ வருது சார்.”

“முன்னால தள்றேன்.”

“மேல போவுது.”

“திருப்பிப் பாருங்க. கம்பி மாறிச்சின்னா நான் நிமிர்றதுக்குப் பதிலா பூமிக்குள்ள போயிடுவேன்.”

“நல்லாத்தான் பாக்கறேன் சார். எங்களுக்கும் உங்களை விட்டா வேற ஏரோப்ளேன்காரரு கெடையாது.”

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவதாகப் பேச்சு. தொழுகை முடிந்து எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த மாமனார் வாசலில் நின்றிருந்தார். சார் கையைத் துடைத்துக்கொண்டே, “எல்லாம் ஆச்சு. வாலை டிரிம் பண்ணணும், அது ஒண்ணுதான் பாக்கி” என்றார். தகடு எந்த இடத்தில் நின்றால் பாரம் சமமாக இருக்கும் என்று கைப்பிடியைச் சரிபார்த்து வைப்பதை அவர் அப்படிச் சொன்னார். அந்த வார்த்தை எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார். மாமனார் எங்கேயோ போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். கையில் இரண்டு தகரத் துண்டு.

“இந்தா தாயே, அடுப்புக்குக் காத்து மறைப்பு. ரெண்டு பக்கத்துக்கும் ஆவட்டும்னு ரெண்டா வெட்டிகினு வந்தேன். உன் அடுப்பு அணைஞ்சி அணைஞ்சிப் போவுதில்ல. சார் வூட்டு வேலையும் முடிச்சிக் குடுத்துட்டேன். நல்ல தகரம், தூக்கிப் போட மனசு வரல” என்றார்.

வாங்கி அடுப்புக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினேன். நிறுத்தும்போது விரலில் ஏதோ நெருடியது. தகர ஓரத்தில் வரிசையாகத் துளை. துளைகளில் மெழுகு நூல். என் காஜா.

என்ன நடந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டோன்மெண்டுத் தையல்காரர்களுக்கு டிரிம் என்றால் ஒன்றே ஒன்றுதான். தைத்து முடித்த உடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கிற ஓரத்தையும் நூலையும் கத்தரித்துச் சுத்தம் செய்வது. அதைச் செய்யாமல் எந்த ஆபீசரும் கோட்டை வாங்கமாட்டார். வாலின் பின்னால் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, டிரிம் பண்ணுவது பாக்கி என்று சார் சொல்லிவிட்டார். மாமனார் தன் பெரிய கத்திரியை எடுத்துக்கொண்டுபோய் டிரிம் பண்ணிவிட்டார்.

அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் மத்தியானம் சோற்றுக்கு வந்ததும் அடுப்பைக் காட்டினேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

“அத்தா, இது இன்னாது?”

“டிரிம் பண்ண துண்டு.”

“யாரு பண்ணச் சொன்னது?”

“சார்தான் சொன்னாரே. உன் காதுல வுழலியா? எத்தினி வருஷமா டிரிம் பண்றேன், எனக்கே சொல்லிக் குடுக்கறியா?”

“அத்தா, இந்தத் துண்டை நம்பித்தான் அவரு நாளைக்கு மேல போறதா கீறாரு. நீட்டிகினு இருக்கறதுதான் இதுக்கு வேலையே.”

மாமனார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.  பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “வாங்க. நானே போயி சொல்றேன். அந்த ஆளு என் வாயால கேக்கட்டும்” என்றார். நானும் ஊசிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை சாருக்கு அரை நாள் ஆபீஸ். நாங்கள் போனபோது அவர் அப்போதுதான் கொட்டகைக்குள் போய் வாலின் முன்னால் நின்றிருந்தார். மாமனார் பாதி வேலை செய்கிறவர் இல்லை. கம்பிகளை அவிழ்த்து வட்டமாகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார். வெட்டிய துணி ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டியிருந்தார். அந்த ஓரம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. சார் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் தகரத் துண்டு இரண்டையும் நீட்டினார். “நான் பண்ணதுதான் சார். டிரிம்முன்னு சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்ச டிரிம்மைப் பண்ணிட்டேன்.”

 சார் துண்டுகளை வாங்கி ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். சேராது என்று எல்லாருக்கும் தெரியும். “நீங்க பண்ணது தப்பில்ல பாய்” என்றார். “ஒரே வார்த்தைக்கு ரெண்டு வேலை குடுத்துட்டான் வெள்ளைக்காரன். நான்தான் நின்னு சொல்லியிருக்கணும்.” ஆனால் குரலில் உயிர் இல்லை. “வேற தகடு இல்ல. சீமைக்கு எழுதி வர்றதுக்குள்ள மழை வந்துடும். மரத்துல பண்ணா வால் கனத்துடும்.”

அக்கா கொட்டகை வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஏரோப்ளேனை விற்றால் அவரைவிட யாருக்கும் நிம்மதி கிடையாது. இப்போது அது தானாக வந்து வாசலில் நின்றது. அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வயதில் சின்னவர்கள் முன்னால் தலை கவிழ்ந்து நின்றார். அக்கா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சோற்று அண்டாவின் பெரிய அலுமினிய மூடி. இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“இதுல ஆவுமா பாரு.”

“அக்கா, இது உன் சோத்து மூடி.”

“தெரியும். நான்தான வெளக்கறேன்.”

“நீதான விக்கச் சொன்ன?”

“விக்கச் சொன்னது நானு. உன்னை நிறுத்தறதா இருந்தா நான் நிறுத்தணும். பாவம், பெரியவரு தலைல ஏன் போடற? அவரு மொகத்தைப் பாத்துட்டு நான் எப்படி சோறு துன்றது? வெட்டுடா.”

சார் வெட்டினார். மரச்சுத்தியால் தட்டி நேராக்கினார். மூடியின் நடுவில் அக்காவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். முதல் எழுத்து மட்டும் தகட்டில் நின்றது, மற்றது கழிவில் போயிற்று. மறுபடி துளை, மறுபடி துணி, மறுபடி காஜா. மாமனார் ஒவ்வொரு ஊசியாக நூல் கோத்துக் கொடுத்தபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கத்திரியை மட்டும் தொடவில்லை. நூலை வெட்டும்போதெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் தைத்து முடித்தேன். கம்பியைப் பூட்டி, இழுத்து, தள்ளி, எல்லாம் பார்த்தாயிற்று. சார் தைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு தரையில் கிடந்த பெரிய கத்திரியை எடுத்து மாமனாரிடம் கொடுத்தார்.

“பாய், இங்க ஒரு நூல் நீட்டிகினு கீது பாருங்க. கொஞ்சம் டிரிம் பண்ணிடுங்க.”

மாமனார் சார் முகத்தைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். “எந்த டிரிம்மு?” என்றார்.

“உங்க டிரிம்மு.”

வாங்கி, நூலை மட்டும், ஒரு மயிரிழை மிச்சம் வைத்து வெட்டினார். அந்த ஒரு நூலுக்காக நான் சாருக்குக் காலமெல்லாம் கடமைப்பட்டவள். மாமனார் அன்று இரவு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அக்காவும் நானும் கூண்டு வண்டியில். ஏரிக்கரை மேல் வண்டியை நிறுத்தி, திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோவில்பதாகை ஜனங்கள் கரை நிறைய நின்றார்கள். மாமனார் எங்கள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் கீழே வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். சார் கை காட்டியதும் விட்டுவிட்டு ஓடினார்.

புழுதிக்குள்ளிருந்து ஏரோப்ளேன் எழும்பியது. மூக்கு கொஞ்சம் கவிழ்ந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. பிறகு மூக்கு தானாக நிமிர்ந்தது. கைப்பிடியை ஒரு பல், இரண்டு பல் இழுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பனைமர உயரத்துக்கு மேலே போய், ஏரியைச் சுற்றித் திரும்பி, கரைப்பக்கமாக எங்களை நோக்கி வந்தது. சார் தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. அப்போது அவர் இரண்டு கையையும் விட்டு மேலே தூக்கினார்.

“புடிடா. பாவி, புடிடா” என்றார் அக்கா வாய்க்குள்ளேயே.

கரையில் நின்றவர்கள் கூப்பிடுகிறார் என்றார்கள், கும்பிடுகிறார் என்றார்கள். மாமனார் அண்ணாந்து பார்த்து, “துவா கேக்கறாரு” என்றார். தானும் இரண்டு கையையும் ஏந்தி, ஏரோப்ளேன் எங்கள் தலைக்குமேல் கடந்து போகிற வரைக்கும் நின்று, ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டார். சார் துவா கேட்கவில்லை, கையை விட்டும் மூக்கு விழவில்லை என்று காட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. நானும் ஆமீன் என்றேன்.

அக்காவிடம் மட்டும் காதில் சொன்னேன். “அக்கா, புடிக்க வேணாம். தானாப் போவுது.”

அவர் திரையை முழுசாக விலக்கிவிட்டார். யார் பார்க்கிறார்கள் என்ற நினைவே இல்லை. சார் இன்னும் இரண்டு சுற்று வந்தார். அவர் இறங்கி வண்டியருகே வந்ததும் அக்கா முதலில் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை. அமுக்கிப் பார்த்தார். சார் முகம் சுளிக்கவில்லை.

“நோவுதா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்றியா?”

“இல்லக்கா.”

“சரி, ஏறு. நாஷ்டா பண்ணலை நீ இன்னும்” என்றார். விற்பதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. அந்தக் கோடை முழுக்க, ஏரிக்குத் தண்ணீர் வருகிற வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் சார் பறந்தார். அடுத்த கோடையிலும் பறந்தார். சண்டை வந்தபிறகுதான் சர்க்கார் வேண்டாமென்று நிறுத்தியது. அக்கா பல நாள் சோற்று அண்டாவைத் தாம்பாளத்தால் மூடிக்கொண்டு சமாளித்தார். நான் கேட்டதற்கு, “மூடிதான், வாங்கிக்கலாம்” என்றார்.

எனக்கு நினைவிருக்கிற வரைக்கும் எழுதிவிட்டேன். சந்தேகம் சில இருக்கிறது. மூக்கு நிமிர தகடு கீழே மடங்குமா மேலே மடங்குமா என்று எழுதும்போது கையை வைத்துப் பலமுறை பார்த்தேன், கீழே என்றுதான் வருகிறது. ஏரி கோவில்பதாகைதானா, அல்லது அதற்கடுத்த ஏரியா என்பதும் திட்டமாகத் தெரியவில்லை. கரையில் பனைமரம் இருந்தது. இறக்கைக்குப் பூசுகிற அந்த வாழைப்பழ வாசனைப் பசைக்குச் சரியான பேர் என்னவென்று கேட்க இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை. ஏரோப்ளேன் வேலை தெரிந்தவர் யாராவது இதைப் படித்துப் பார்த்து, தப்பாக இருக்கிற இடத்தைத் திருத்திக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும்.